ஐந்து படங்கள், எட்டு இரவுகள்: பழைய திகில் படங்களை வீட்டில் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு

பழைய கறுப்பு வெள்ளைத் திகில் படங்களைப் பார்க்க உட்காருகிறவர்களில் பலர் இருபது நிமிடத்தில் எழுந்துவிடுகிறார்கள். இதற்குப் போயா அந்தக் காலத்தில் பயந்தார்கள் என்று கேட்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படி எழுந்து போனவன்தான். ‘நோஸ்ஃபெராட்டு’ என்ற ஜெர்மானிய மௌனப் படத்தை முதன்முதலில் ஒரு மதிய வேளையில், ஜன்னல் திறந்த அறையில், கைபேசியில் பார்த்தேன். பட்டப்பகலில் ஒரு மொட்டைத் தலையன் சவப்பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊருக்குள் நடந்துபோனான். அதில் பயப்பட என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. சில ஆண்டுகள் கழித்து அதே படத்தை இருட்டு அறையில், சீரமைக்கப்பட்ட பிரதியில் பார்த்தபோது அந்தக் காட்சி பகலில் நடப்பதே இல்லை என்று தெரிந்தது. அது இரவு. நான் முதலில் பார்த்த பிரதியில் இரவைக் குறிக்கும் நீலச் சாயம் இல்லாமல் போயிருந்தது.

அதனால்தான் இப்போது யாராவது நல்ல திகில் படங்களின் பட்டியல் கேட்டால், எந்த அறையில், எந்த நேரத்தில், எந்தப் பிரதியைப் பார்க்கப்போகிறீர்கள் என்று முதலில் கேட்கிறேன். இருட்டு அரங்கில், பெரிய திரையில் பார்ப்பதற்காக எடுக்கப்பட்ட படங்கள் இவை. அந்தச் சூழலில் கொஞ்சத்தையாவது வீட்டில் உண்டாக்காமல் படத்தைக் குறை சொல்வது நியாயமில்லை. இந்த வகைக்குப் புதியவர்களுக்கு நான் சொல்லும் வழி ஐந்து படங்களும் எட்டு இரவுகளும் கொண்டது. படங்களைச் சொல்லும் முன், செய்ய வேண்டிய ஏற்பாடுகள் சில இருக்கின்றன.

முதலில் அறை

இரவு 9 மணிக்கு முன்னால் தொடங்க வேண்டாம். சாப்பாடு முடிந்து, மற்றவர்கள் படுக்கப் போன பிறகு என்றால் இன்னும் நல்லது. விளக்கை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து அறையைப் பாருங்கள். ஜன்னல் வழியே விழும் தெருவிளக்கு, இன்வெர்ட்டரின் சிவப்புப் புள்ளி, ரௌட்டரின் பச்சைப் புள்ளி எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். ஜன்னலுக்கு ஒரு போர்வையும் புள்ளிகளுக்கு ஆளுக்கொரு துண்டுக் காகிதமும் போதும்.

திகில் படத்தில் பாதி வேலையைச் செய்வது ஒலி. நம் வீடுகளில் அதைக் கெடுப்பது மின்விசிறி. முழு வேகத்தில் சுழலும் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தால், கதவு கிரீச்சிடுவதற்கு முந்தைய நிசப்தம் நம் காதை எட்டாது. அந்த நிசப்தம்தான் கிரீச்சிடும் ஓசைக்குப் பலம் தருவது. வேகத்தைக் குறைத்து வையுங்கள். கோடையில் அது முடியாதென்றால் காதை முழுதாக மூடும் ஹெட்போனை மாட்டிக்கொள்ளுங்கள்.

கைபேசி அடுத்த அறையில் இருக்கட்டும். தண்ணீர் குடிப்பது, கழிவறைக்குப் போவது எல்லாவற்றையும் முன்பே முடித்துவிடுங்கள், ஏனென்றால் நடுவில் நிறுத்தினால் இந்த வகைப் படங்கள் உடைந்துவிடும். தனியாகப் பார்ப்பது உத்தமம். துணை வேண்டுமென்றால் ஒருவர் போதும், அவரும் பேசாதவராக இருக்க வேண்டும். ஆறு பேர் கூடினால் பயத்தை மறைக்க யாராவது ஒருவர் சிரிக்கத் தொடங்குவார். அதன் பிறகு அந்தப் படத்தை அன்றைக்கு மீட்கவே முடியாது.

பிறகு டி.வி.

இதில் மூன்றே காரியங்கள். அமைப்புகளுக்குள் போய்ப் படத்தின் வகையைச் ‘சினிமா’ என்று மாற்றுங்கள். அடுத்து, அசைவை வழவழப்பாக்கும் வசதி எந்தப் பெயரில் இருந்தாலும் அதை அணைத்துவிடுங்கள். பேசும் படம் நொடிக்கு 24 சட்டங்கள் (ஃப்ரேம்கள், அதாவது தனித்தனி அசையாப் படங்கள்) என்ற கணக்கில் எடுக்கப்படுகிறது. இந்த வசதி, ஏற்கெனவே இருக்கும் சட்டங்களுக்கு நடுவே தானாகப் புதிய சட்டங்களை உண்டாக்கிச் செருகும். விளைவு, 1960களின் படம் நேற்று எடுத்த தொலைக்காட்சித் தொடர் போலத் தெரியும். மூன்றாவது, படத்தைத் திரை முழுவதும் இழுக்காதீர்கள். பழைய படங்களில் பல கிட்டத்தட்ட சதுரமான சட்டத்துக்குள் எடுக்கப்பட்டவை. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழுவது குறையல்ல, அதுதான் சரி.

பிரதியைத் தேர்ந்தெடுப்பது

புதியவர்கள் சறுக்கும் இடம் இதுதான், இங்கே கொஞ்சம் பொறுமை வேண்டும். நான் சொல்லப்போகும் படங்களில் முதல் நான்கும் அமெரிக்காவில் பதிப்புரிமை இல்லாதவை. இன்டர்நெட் ஆர்க்கைவ் போன்ற தளங்களில் இலவசமாகவும் சட்டப்படியும் கிடைக்கின்றன. ஆனால் பதிப்புரிமை இல்லாத படத்தை யார் வேண்டுமானாலும் எந்தத் தேய்ந்த சுருளிலிருந்தும் நகலெடுத்து ஏற்றலாம். ஆகவே ஒரே படத்துக்குப் பத்துப் பிரதிகள் இருக்கும், அவற்றில் எட்டு பார்க்கத் தகாதவையாக இருக்கும்.

முதலில் படத்தின் நீளத்தை ஒப்பிடுங்கள். எத்தனை நிமிடம் இருக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு படத்துக்கும் கீழே சொல்கிறேன். அடுத்து கோப்பின் அளவு. ஒன்றரை மணி நேரப் படம் 300 மெகாபைட்டுக்குள் சுருக்கப்பட்டிருந்தால் முதலில் பலியாவது இருட்டுப் பகுதிகள்தான். நிழல் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறக் கட்டங்கள் நெளியும். இந்தப் படங்களில் பயம் குடியிருப்பதே அந்த நிழலில்தான். கடைசியாக, ஏதாவது ஒரு இரவுக் காட்சியில் நிறுத்திப் பாருங்கள். கறுப்புக் கோட்டின் மடிப்பு மெலிதாகவாவது தெரிந்தால் பிரதி தேறும்.

காசு செலவழிக்க முடிந்தால் சீரமைக்கப்பட்ட ப்ளூ-ரே தட்டுகள் இருக்கின்றன. வாங்குமுன் மண்டலக் குறியைப் பாருங்கள். அமெரிக்கத் தட்டுகளில் பல ஏ மண்டலத்துக்கு மட்டும் பூட்டப்பட்டவை. இந்தியா சி மண்டலம் என்பதால் அவை இங்கே விற்கும் கருவிகளில் பெரும்பாலும் ஓடாது. சிங்கப்பூரும் மலேசியாவும் ஏ மண்டலத்தில் வருவதால் அங்கிருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

முதல் இரவு: நைட் ஆஃப் தி லிவிங் டெட் (1968, 96 நிமிடம்)

தொடங்க இதைவிட நல்ல படம் எனக்குத் தெரியாது. ஆங்கிலம், பேசும் படம், விறுவிறுப்பும் உண்டு. கல்லறைத் தோட்டத்துக்கு வரும் அண்ணன் தங்கையில் ஆரம்பிக்கும் கதை, பத்து நிமிடத்துக்குள் உங்கள் கழுத்தைப் பிடித்துவிடும். பிட்ஸ்பர்க் நகரில் விளம்பரப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்த ஜார்ஜ் ரொமேரோவும் நண்பர்களும் சுமார் 1,14,000 டாலரில் எடுத்த படம் இது. இரத்தமாகத் தெரிவது சாக்லேட் கூழ். கறுப்பு வெள்ளையில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. இன்று உலகெங்கும் ‘ஸாம்பி’ என்றதும் நினைவுக்கு வரும் உருவம், கூட்டமாகத் தள்ளாடி வந்து மனித மாமிசம் தின்னும் அந்த உருவம், இந்தப் படத்தில்தான் பிறந்தது. ஆனால் படத்தில் அந்தச் சொல் ஓரிடத்திலும் வருவதில்லை.

இது எப்படிப் பதிப்புரிமை இழந்தது என்பது வருத்தமான கதை. படத்துக்கு முதலில் வேறு பெயர் இருந்தது. விநியோகஸ்தர்கள் தலைப்பை மாற்றியபோது பழைய தலைப்பு அட்டையோடு பதிப்புரிமை வரியும் போய்விட்டது. அந்த வரி இல்லாமல் வெளியானால் உரிமை இல்லை என்பது அன்றைய அமெரிக்கச் சட்டம். எடுத்தவர்களுக்குச் சேர வேண்டிய பணம் ஊரெல்லாம் சிதறியது. அதே காரணத்தால்தான் படம் ஊரெல்லாம் பரவியது என்பதையும் சொல்ல வேண்டும்.

வண்ணம் பூசப்பட்ட பிரதிகளைத் தொடாதீர்கள். 30-ஆம் ஆண்டு வெளியீடு என்ற பெயரில் புதிய காட்சிகளைச் செருகிய ஒன்றும் உலவுகிறது, அதையும் ஒதுக்குங்கள். கதாநாயகனாக நடித்த டுவேன் ஜோன்ஸ் கறுப்பினத்தவர். படத்தில் எவரும் அவர் நிறத்தைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. படம் முடிந்து திரைக்கு வருவதற்குக் காத்திருந்த மாதங்களில், 1968 ஏப்ரல் 4-ஆம் தேதி, மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொண்டு கடைசிப் பத்து நிமிடத்தைப் பாருங்கள். பெயர்கள் ஓடத் தொடங்கியதும் எழுந்துவிடாதீர்கள். அந்தப் பெயர்களுக்குப் பின்னால் வரும் அசையாப் படங்களும் கதையில் சேர்ந்தவை.

குழந்தைகளை அருகில் உட்கார வைக்க வேண்டாம். அமெரிக்காவில் வயதுவாரித் தரச்சான்று முறை இந்தப் படம் வெளியாகி ஒரு மாதம் கழித்துத்தான் நடைமுறைக்கு வந்தது. பகல் காட்சிக்குப் போன சிறுவர்கள் அரங்கில் அழுதுகொண்டிருந்ததை அன்றைய விமர்சகர் ராஜர் ஈபர்ட் எழுதியிருக்கிறார்.

இரண்டாம் இரவு: கார்னிவல் ஆஃப் சோல்ஸ் (1962, 78 நிமிடம்)

கான்சஸ் மாநிலத்தின் லாரன்ஸ் என்ற சிற்றூரில் பள்ளிகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் பாடப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தவர் ஹெர்க் ஹார்வி. ஒரு பயணத்தின்போது யூட்டாவின் பெரிய உப்பேரிக் கரையில் சால்ட்ஏர் என்ற கைவிடப்பட்ட கேளிக்கை மண்டபத்தைப் பார்த்தார். அது மனத்தைவிட்டு அகலவில்லை. விடுப்பு எடுத்துக்கொண்டு, சுமார் 33,000 டாலரைத் திரட்டி, சில வாரங்களில் இந்தப் படத்தை முடித்தார். அவர் எடுத்த ஒரே முழுநீளக் கதைப்படம் இதுதான். வெளுத்த முகத்தோடு கதாநாயகியைத் தொடரும் அந்த மனிதனாக நடித்திருப்பவரும் அவரே.

கார் ஆற்றில் கவிழ்கிறது. மூன்று பெண்களில் ஒருத்தி மட்டும் கரையேறுகிறாள். தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் வேலைக்காக வேறு ஊருக்குப் போகிறாள். இதற்கு மேல் கதையைப் படிக்காதீர்கள், யாரிடமும் கேட்காதீர்கள்.

இந்தப் படத்துக்கு ஹெட்போன் கட்டாயம். பின்னணி இசை முழுக்க ஆர்கன்தான். அது எப்போது அவள் வாசிப்பது, எப்போது அவளைத் தேடி வருவது என்று பிரிக்க முடியாமல் போகும்போதுதான் உடம்பு சில்லிடும். ஒரு கடையில் அவள் நிற்கும்போது சுற்றியிருக்கும் சத்தம் திடீரென்று அற்றுப்போகும். டி.வி. கெட்டுவிட்டதென்று ரிமோட்டைத் தேட வேண்டாம், படமே அப்படித்தான். சில நடிகர்கள் ஒப்பிப்பது போலப் பேசுவார்கள். முதல் முறை அது எனக்கு உறுத்தியது. இரண்டாம் முறை பார்க்கும்போது, உலகத்தோடு ஒட்டாமல் நடமாடும் அந்தப் பெண்ணுக்கு மற்றவர்கள் அப்படித்தானே கேட்பார்கள் என்று தோன்றியது. 78 நிமிடம் திரையரங்குகளுக்குப் போன பிரதி, சற்றே நீளமான இன்னொன்றும் உண்டு. இரண்டில் எது கிடைத்தாலும் பார்க்கலாம்.

மூன்றாம் இரவு: நோஸ்ஃபெராட்டு (1922, 94 நிமிடம்)

இனி மௌனப் படம். இரண்டு இரவுகள் பழகிய பிறகே இதற்கு வர வேண்டும். முதல் நாளே இதில் தொடங்குபவர்கள் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை.

மௌனப் படங்களில் மனிதர்கள் ஓட்டமும் நடையுமாகத் துள்ளுவார்கள் என்று நாம் நினைப்பதற்குக் காரணம் தவறான வேகம். அன்றைய கேமராக்களைக் கையால் சுற்றினார்கள். நொடிக்கு 24 சட்டங்களுக்கும் குறைவாகவே பதிவாகும். அதைப் பேசும் படத்தின் வேகத்தில் ஓட்டினால் எல்லோரும் கோமாளிகளாகிவிடுகிறார்கள். சீரமைக்கப்பட்ட ‘நோஸ்ஃபெராட்டு’ நொடிக்கு 18 சட்டங்களில் 94 நிமிடம் ஓடும். உங்களுக்குக் கிடைத்தது 80 நிமிடமோ அதற்கும் குறைவோ என்றால், வேகமாக ஓடுகிறது அல்லது வெட்டுப்பட்டிருக்கிறது. காட்டுக்குள் விரையும் குதிரை வண்டி மட்டும் வேண்டுமென்றே வேகமாக்கப்பட்டது. அதில் ஒரு துண்டு நெகட்டிவ் சுருளாகவே வரும். வானம் கறுத்து, மரங்கள் வெளுத்து நிற்கும். அது பிழையல்ல.

அடுத்து சாயம். அன்றைய கேமராவால் இரவில் வெளியே படமெடுக்க இயலவில்லை. பகலில் எடுத்துவிட்டுச் சுருளை நீலத்தில் தோய்த்து இரவாக்கினார்கள். விளக்கொளி அறைக்கு மஞ்சள், விடியலுக்கு இளஞ்சிவப்பு. வெறும் கறுப்பு வெள்ளையாக இருக்கும் பிரதியில் இந்தக் காலக்கணக்கு முழுதும் அழிந்துபோகிறது. வெயில் பட்டால் மாயும் ஒரு பிறவியைப் பற்றிய கதையில் எது பகல் எது இரவு என்று தெரியாமல் போனால் மிச்சம் என்ன இருக்கிறது? இரத்தக் காட்டேரி சூரிய ஒளியில் அழிவான் என்ற வழக்கத்தைத் திரைக்குக் கொண்டுவந்ததே இந்தப் படம்தான். பிராம் ஸ்டோக்கரின் 1897 நாவலில் டிராகுலா பகலிலும் நடமாடுவான்.

வசனத்துக்குப் பதிலாக நடுவே வரும் எழுத்து அட்டைகளில் உள்ள பெயரையும் பாருங்கள். இரத்தக் காட்டேரியான பிரபுவின் பெயர் ‘ஓர்லோக்’ என்று இருக்க வேண்டும். ‘டிராகுலா’ என்று இருந்தால் அது பிற்காலத்தில் ஆங்கிலத்துக்கு மாற்றிய பழைய பிரதி. பெயரில் இந்தக் குழப்பம் வரக் காரணம், தயாரித்த நிறுவனம் நாவலின் உரிமையை வாங்காமல் பெயர்களை மட்டும் மாற்றியதுதான். ஸ்டோக்கரின் மனைவி ஃப்ளோரன்ஸ் வழக்குத் தொடுத்தார். 1925-ல் நீதிமன்றம் எல்லாப் பிரதிகளையும் அழிக்கச் சொன்னது. வெளிநாடுகளுக்குப் போயிருந்த சில சுருள்கள் தப்பின. நாம் இன்று பார்ப்பது அந்த மிச்சத்தைத்தான். அந்த நிறுவனத்தின் பெயர் ‘பிரானா’. நம் வடமொழிப் ‘பிராணன்’ என்ற சொல்லிலிருந்து எடுத்த பெயர். அவர்கள் தயாரித்து முடித்தது இந்த ஒரே படம்தான்.

இயக்குநர் முர்னாவ் உண்மையான ஊர்களிலும் மலைகளிலும் இதை எடுத்தார். கடல்புறத் துறைமுகம் விஸ்மார் என்ற ஜெர்மானிய நகரம். பிளேக் நோய் பரவும் பகுதியைப் பார்க்கும்போது, இதை எடுத்தவர்கள் முதல் உலகப் போரையும் 1918-ன் விஷக்காய்ச்சலையும் கடந்து வந்தவர்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். தெருவில் வரிசையாகத் தூக்கிவரப்படும் சவப்பெட்டிகளைப் பார்த்தபோது, 2021-ல் நாம் கண்ட நாட்கள் எனக்கு நினைவுக்கு வந்தன. நூறு ஆண்டுப் பழைய படம் என்ற எண்ணம் அந்த இடத்தில் எனக்குள் அறவே இல்லை.

நான்காம் இரவு: தி கேபினட் ஆஃப் டாக்டர் காலிகரி (1920, சுமார் 75 நிமிடம்)

முந்தைய இரவு உண்மையான தெருக்களைப் பார்த்தீர்கள். இதில் தெருவே கிடையாது, எல்லாம் துணியிலும் பலகையிலும் தீட்டியது. சுவர்கள் சாய்ந்திருக்கும், ஜன்னல்கள் கோணலாக இருக்கும், நிழல்களைக்கூட வண்ணத்தால் வரைந்திருப்பார்கள். இது பணமில்லாத ஏற்பாடு என்று நினைத்துவிடாதீர்கள். ஏன் இப்படி இருக்கிறது என்பதற்குப் படமே கடைசியில் விடை சொல்கிறது. சந்தையில் வித்தை காட்டும் ஒரு மருத்துவர், பெட்டிக்குள் தூங்கும் செசாரே. அவன் முதன்முதலாகக் கண் திறக்கும் காட்சி நெடுநேரம் நீடிக்கும். கான்ராட் வைட் என்ற நடிகரின் முகத்தைத் தவிர அந்த நேரத்தில் திரையில் வேறொன்றும் இல்லை.

2014-ல் அசல் நெகட்டிவிலிருந்து சீரமைத்த பிரதி இருக்கிறது. தீட்டிய தூரிகைத் தடம்கூடத் தெரியும். இந்த ஒரு படத்துக்கு மட்டும் அதைத் தேடிப் பிடித்தே ஆக வேண்டும்.

ஐந்து முதல் எட்டு வரை: குவைடான் (1964, 183 நிமிடம்)

மசாகி கோபயாஷியின் இந்த ஜப்பானியப் படம் நான்கு தனிக் கதைகளால் ஆனது. மூன்று மணி நேரத்தையும் ஒரே மூச்சில் பார்ப்பவர்கள் மூன்றாம் கதையில் சோர்ந்துவிடுகிறார்கள். மூன்றாவதுதான் இருப்பதிலேயே சிறந்தது. ஆகவே இரவுக்கு ஒரு கதை. இது இலவசமாகக் கிடைக்கும் படமல்ல, தட்டோ கட்டணத் தளமோ தேவைப்படும். ஆங்கிலச் சப்டைட்டிலோடு பாருங்கள், ஜப்பானியக் குரல்களை மாற்றிவிட வேண்டாம்.

பேய் வரும் நேரத்தை நம் படங்கள் பாட்டாலும் இடி மின்னலாலும் அறிவிக்கும். இங்கே அறிவிப்பே கிடையாது. முதல் கதையில் மரம் பிளக்கும் ஓசை, காட்சியோடு பொருந்தாமல் தனியாக வந்து விழும். இசையமைப்பாளர் தக்கேமித்சு ஓசையையும் மௌனத்தையும் அப்படிக் கையாண்டிருக்கிறார். இரண்டாம் கதையில் பனிக்காட்டுக்கு மேலே வானத்தில் கண்கள் வரையப்பட்டிருக்கும். விமானக் கொட்டகை ஒன்றுக்குள் கட்டிய வானம் அது. மூன்றாவது, கண் தெரியாத இசைக்கலைஞன் ஹோயிச்சியின் கதை. போரில் மூழ்கி இறந்தவர்களின் முன்னால், அவர்களுடைய சாவையே அவன் பாடுகிறான். உடம்பு முழுவதும் மந்திரம் எழுதிக் காக்க நினைக்கும் குருமாரின் பதற்றம், தாயத்தும் திருநீறும் பார்த்து வளர்ந்த நமக்கு விளக்கமில்லாமலே புரியும்.

அமெரிக்காவில் முதலில் வெளியானபோது நீளத்தைக் குறைக்க இரண்டாவதான பனிப்பெண்ணின் கதையையே எடுத்துவிட்டார்கள். உங்கள் பிரதி இரண்டு மணி நேரத்தைச் சுற்றி இருந்தால் அது அந்தக் குறைப்பிரதி. வாங்க வேண்டாம்.

அதன் பிறகு

இந்த எட்டு இரவுகளில் எது உங்களைப் பிடித்துக்கொண்டது என்பதை வைத்துத்தான் அடுத்த அடி. முதல் இரவின் படபடப்பு பிடித்தவர்கள் ஜான் கார்ப்பென்டரின் ‘ஹாலோவீன்’ (1978) படத்துக்குப் போகலாம். இசையும் அவரே. ‘காலிகரி’யில் தெரியும் வெறியை விரும்பியவர்களுக்கு, அதே வெறியைக் கடும் சிவப்பிலும் நீலத்திலும் காட்டும் டாரியோ அர்ஜென்டோவின் ‘சஸ்பீரியா’ (1977). ஜப்பான் பிடித்துப்போனால் கனேட்டோ ஷிண்டோவின் ‘ஒனிபாபா’ (1964). ஆளுயரப் புல் அலையடிப்பதைத் தவிர அதில் பெரும்பாலும் வேறெதுவும் அசையாது, ஆனாலும் மூச்சு முட்டும். அதில் பாலுறவுக் காட்சிகள் உண்டு, வீட்டில் யார் விழித்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

‘கார்னிவல் ஆஃப் சோல்ஸ்’ பிடித்தவர்களுக்கு மட்டும் டேவிட் லிஞ்ச்சின் ‘இரேசர்ஹெட்’ (1977, 89 நிமிடம்). மாணவராக இருந்தபோது தொடங்கிப் பல ஆண்டுகள் பணமில்லாமல் நின்று நின்று எடுத்த படம். வெளியானபோது அமெரிக்காவின் சில அரங்குகள் இத்தகைய விசித்திரப் படங்களை நள்ளிரவுக் காட்சியாக மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தன. வாரக்கணக்காக அதே ஆட்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். ‘கல்ட் படம்’ (சிறு ரசிகர் கூட்டம் விடாமல் கொண்டாடும் படம்) என்ற பெயருக்கு உரமிட்டது அந்தக் கூட்டம். படம் நெடுக நீராவிக் குழாயும் இயந்திரமும் இரைந்துகொண்டே இருக்கும். ஒலியைச் சற்றுக் கூட்டியே வையுங்கள். புதிதாகக் குழந்தை பிறந்த வீட்டில் இருப்பவர்கள் இதை ஓராண்டு தள்ளிப்போடுவது நல்லது.